பட்டை செருகிய கட்டி

வாளிக்குள் எட்டிப் பார்த்த அன்செல்மோவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கொக்கோ ஐந்து கிலோ. பதமாக வறுத்து, தோல் நீக்கி, ஒரு சொத்தை இல்லாமல் பொறுக்கியெடுத்தது. பட்டை கைநிறைய இருந்தது. பாதாம் தோலோடு கிடந்தது. எல்லாம் கல்யாண வீட்டுத் தரம். சர்க்கரை மட்டும் இரண்டரைக் கிலோ. ஒரு கிலோ கொக்கோவுக்கு இரண்டு கிலோ சர்க்கரை என்பது த்லகொலூலா ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த விஷயம். கை வராதவர்கள் ஒன்றரை போடுவார்கள்; அதற்கே குடித்துவிட்டுப் போனவர்கள் தெருமுனையில் நின்று பேசுவார்கள். கொக்கோவில் பாதிதான் சர்க்கரை என்று கொண்டுவந்த வீட்டை, இந்த மில்லில் நின்ற இருபத்தாறு வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

“அக்கா, மீதிச் சக்கர அடுத்த பஸ்ஸுல வருதா?”

அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். சடையில் பச்சை நாடா, நகக்கண்ணில் சிவப்பு மண். மண் கிண்ணம் செய்கிற சான் மார்க்கோஸ்காரி என்று கையே சொன்னது. பின்னால் எட்டுப் பெண்கள் அவரவர் வாளியை இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, மூன்று மோட்டாரும் ஓடின. அந்த மில்லில் ரகசியம் பேச வழியில்லை. தன் வாயருகே இருக்கும் காதில் விழவேண்டுமென்றாலும் கத்தித்தான் ஆகவேண்டும். யார் வீட்டில் யார் கர்ப்பம், யார் பிள்ளை எல்லை தாண்டிப் போய் எந்த ஊரில் பாத்திரம் கழுவுகிறான் என்பதெல்லாம் கொக்கோவோடு சேர்ந்தே அரைபடும்.

“வராது மாஸ்டர். எண்ணிக் குடுத்துவிட்டிருக்கு. இதுக்கு மேல ஒரு கைப்பிடி விழக்கூடாது.”

“யாரு, டாக்டரா?”

“அதுக்குக் கொஞ்சம் கீழ. நர்சு. எங்க அண்ணன் மகன் கூட்டிட்டு வந்த பொண்ணு. செவ்வாக்கெழம அது வீட்டுக்குச் சமாதானம் பேசப் போறோம். அப்பனுக்குச் சக்கர வியாதியாம். நீங்க பேசுறது இனிப்பா இருந்தாப் போதும், சாக்லேட் இனிக்கக் கூடாதுங்குது.”

அன்செல்மோவின் கை பாதாமுக்குள் அப்படியே நின்றது. செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்கு ஆட்கள் வருவதாகப் பத்து நாள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். “வரட்டும், வாசலப் பாத்துட்டுப் போகட்டும்” என்று அவரும் சொல்லி அனுப்பியிருந்தார். நர்சு வேலை பார்க்கும் மகளும் சர்க்கரை வியாதியும் செவ்வாய்க்கிழமையும் சேர்ந்து இருக்கும் வீடு, இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொன்று இருக்கலாம்தான். இருக்கவேண்டும் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டார். வரிசையிலிருந்த எட்டுப் பெண்களுக்கும் அப்படியொரு சந்தேகம் இல்லை என்பது அவர்கள் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்ததில் தெரிந்தது.

“ஆளு எப்படி? அந்த அப்பன்காரரு?” என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டியதில்லை.

“கழுத,” என்றாள். அவள் பெயர் ஒதிலியா என்பது பிறகுதான் தெரிந்தது. “கழுதன்னு சொன்னாக்கூடத் தப்பு. எங்க வீட்டுக் கழுத தண்ணி காட்டுனா குடிக்கும். இவரு ஊருல எவன் வீட்டுச் சாக்லேட்டையும் இனி தொடமாட்டேன்னு சபதம் போட்டு நாலு மாசம் ஆச்சாம். ஆட்டோ ஓட்டுறவன் மேல கோவம்னா ஆட்டோவுல ஏறாம இருக்கணும். சாக்லேட் என்ன பண்ணுச்சு?”

நியாயமான கேள்வி. இரண்டாவது வாரமே அவருக்கும் தோன்றிய கேள்விதான். அதற்குள் சபதம் தெரு முழுக்கப் போய்விட்டது. அதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

“என்ன வேல பாக்குறாராம்?”

“அதக் கேக்கல. கோயில் பக்கத்து மில்லுக்குப் போகாதீங்க, கடைசில இருக்கிற மில்லுக்குப் போங்கன்னு மட்டும் பொண்ணு ஆயிரம் தடவ சொல்லுச்சு. அங்க போனா மோட்டார் எரிஞ்சு கெடக்கு. அதான் இங்க வந்தேன்.” சுற்றிலும் பார்த்துவிட்டு, கத்துகிற குரலை ரகசியத்துக்கு உரிய முகபாவத்தோடு சேர்த்துக் கேட்டாள். “ஏன் மாஸ்டர், இங்க ஏதாச்சும் கலப்படமா?”

“கலப்படம் இல்லக்கா. இங்க ஆளுங்க கொஞ்சம் மொரடு.”

வரிசையில் யாரோ இருமினார்கள். அன்செல்மோ கொக்கோவைப் பட்டையோடும் பாதாமோடும் கலந்து மில்லின் வாய்க்குள் கொட்டினார். கல் உறுமியது. சற்று நேரத்தில் கீழே மூக்கு வழியாகக் கறுப்பாக, சூடாக, பளபளவென்று விழுது இறங்க ஆரம்பித்தது.

மகள் நெரெய்தா போன நாளில் அவர் கோபப்பட்டது ஆட்டோவுக்காகக்கூட இல்லை. அவளைக் கூட்டிப்போன பையன் உலிசெஸ் மோசமானவன் இல்லை. சந்தையிலிருந்து அவர் வீட்டுக்கு இரண்டு தடவை சவாரி வந்திருக்கிறான், மேடு வந்தால் இறங்கித் தள்ளவும் செய்தான். இந்தப் பக்கத்தில் பாதிக் கல்யாணம் இப்படி ஓடிப்போய்த்தான் தொடங்குகிறது. பிறகு பையன் வீட்டார் சாக்லேட்டும் ரொட்டியும் வான்கோழியுமாக வருவார்கள். பெண்ணின் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முதல் கிண்ணத்தைக் குடிப்பார். அதுவரை பெண் தாய்வீட்டு வாசல்படி ஏறுவதில்லை. அவரும் அப்படித்தான் மனைவி அம்பாரோவைக் கூட்டிவந்தார், அதுவும் ஆட்டோகூட இல்லாமல், மாட்டுவண்டியில். ஆனால் நெரெய்தா போவதற்கு முந்தின இரவு, அவருடைய மாத்திரைப் பெட்டியில் ஏழு நாளைக்கும் காலை, மதியம், ராத்திரி என்று பிரித்து நிரப்பி வைத்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் காலையில் அதைப் பார்த்துத்தான் அவருக்கு ஆத்திரம் வந்தது. கண்ணைக் கட்டிக் கூட்டிப்போயிருந்தால் ஒரு மாதிரி. உட்கார்ந்து இருபத்தொரு பள்ளத்தில் மாத்திரை போட்டுவிட்டு அல்லவா போயிருக்கிறாள். மில் வாசலில் நின்று சபதத்தைக் கத்தினார். மோட்டார் மூன்றும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. எட்டாம் நாள் பெட்டி காலியானது. அன்றைக்கு அவர் எதுவும் கத்தவில்லை.

அன்றிலிருந்து காலையில் டப்பாக் காப்பித்தூளைக் கரைத்துக் குடிக்கிறார். ஈர அட்டையை ஊறவைத்த மாதிரி ஒரு சுவை. முழங்கை வரை சாக்லேட் அப்பிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற மனிதர் வீட்டுக்குப் போய் அதைக் குடிப்பதை அம்பாரோ பார்த்துக்கொண்டிருப்பாள். மில்லில் விழுது பதமா என்று பார்க்க விரலில் தொட்டு நாக்கில் வைத்தாக வேண்டுமே, அது சபதத்தில் சேருமா என்று முதல் வாரம் குழம்பி, பிறகு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வேலை நேரத்தில் அவருடைய நாக்கு மில்லுக்குச் சொந்தம். அது ருசி பார்க்கலாம். அவர் ருசிக்கக் கூடாது.

இப்போது அந்த நாக்கில் ஒதிலியாவின் விழுதை வைத்தார். நல்ல கொக்கோ. வறுத்தவளுக்குக் கை இருக்கிறது. இனி சர்க்கரையைக் கலந்து இரண்டாம் தடவை அரைக்கவேண்டும். இரண்டரைக் கிலோ போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு முற்றத்தில் தம்பிமார், மைத்துனர், தெருப் பெரியவர்கள் என்று முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வாயிலேயே முகத்தைச் சுளிப்பார்கள். சர்க்கரைக்குக்கூடக் கை நடுங்குகிற வீடு என்பார்கள். அந்தச் சொல் நெரெய்தாவுக்குப் பேரன் பிறக்கும் வரை கூடவே வரும். அவர் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லவேண்டியதுகூட இல்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்தால் போதும், ஊரே அவர் பக்கம் நிற்கும். இப்படியொரு வசதி சபதம் போட்டவன் யாருக்கும் வாளியில் வைத்துக் கிடைத்திருக்காது.

“அக்கா,” என்றார் அன்செல்மோ. “இந்தச் சக்கரைல அரைச்சா சீக்காளி குடிப்பாரு. மத்தவன் எல்லாம் துப்புவான்.”

“நானும் சொன்னேன் மாஸ்டர். அந்தப் பொண்ணு கேக்கல. அப்பனாட்டமே புடிவாதம் போல.”

“ஒன்னு பண்ணுவோம். ஒரு கிலோ விழுதத் தனியா எடுத்து, அது சொன்ன மாதிரி அரைக் கிலோ சக்கர போட்டுடறேன். மீதிக்கு ஊரு வழக்கப்படி போடுவோம். சக்கர இங்கயே மூட்டைல இருக்கு. எது அவருக்குன்னு மாறிடாம இருக்க, தனிக் கட்டில ஒரு பட்டைய நட்டுத் தர்றேன்.”

ஒதிலியா யோசித்தாள். சொந்தமாகக் கிண்ணம் வனைகிறவள்; இன்னொருவர் யோசனையைச் சுற்றித் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். “உங்களுக்கு எதுக்கு இவ்வளவு அக்கற?”

“எங்க கல்லுல இருந்து மோசமான சாக்லேட் வெளிய போனதில்ல,” என்றார். அப்போதைக்கு அதை அவரும் நம்பினார்.

பெரிய பங்கு இரண்டாம் தடவை அரைபட்டு இறங்கியது. கொக்கோ நெய் மினுங்கும் விழுதை ஒதிலியா கைபொறுக்காத சூட்டிலேயே வட்ட வட்டமாகத் தட்டித் தட்டில் அடுக்கினாள். சின்னப் பங்கை அவர் மரத்தொட்டியில் பிசைந்தார். அவள் தட்டுகளை எண்ணத் திரும்பியபோது, இருபத்தாறு வருஷ அனுபவமுள்ள வலது கை, யாரையும் கேட்காமல், மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி சர்க்கரையை அள்ளித் தொட்டியில் போட்டது. வரிசையில் முதலில் நின்றவள் பார்த்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் மறுபடியும் கூரையைப் பார்த்தாள். உருட்டிய கட்டியின் நடுவில் அவர் ஒரு பட்டைத் துண்டை நிமிர்த்திச் செருகினார். பிறந்தநாள் மெழுகுவத்தி மாதிரி நின்றது.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே இருமல் வந்தது. முற்றத்து அடுப்பில் பெரிய மண்தட்டில் அம்பாரோ கறுப்பு மிளகாயை வறுத்துக்கொண்டிருந்தாள். வறுப்பது என்ன, எரித்துக்கொண்டிருந்தாள். மோலே குழம்புக்கு மிளகாய் கரியாகும் விளிம்பு வரை போகவேண்டும், போய் அங்கேயே நிற்கவேண்டும். பக்கத்தில் எள்ளும் நிலக்கடலையும், உலர்திராட்சையும் கிராம்பும், நெருப்பில் சுட்டுக் கறுத்த சோள ரொட்டியும், எண்ணெயில் பொரித்த வாழைப்பழமும் தனித்தனிக் கிண்ணங்களில் இருந்தன.

“யாருக்கு இது?”

“எனக்குத்தான். ஆசையா இருந்துச்சு.”

“முப்பது பேருக்கு வரும்போல இருக்கே.”

“ஆச பெருசு.”

மறுநாள் முழுக்க அது கொதித்தது. திங்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அவருக்கு ஒரு கரண்டி ஊற்றி, ரொட்டியைக் கிழித்துப் பக்கத்தில் வைத்தாள். புகை, காரம், அதற்கடியில் பழத்தின் இனிப்பு, அதற்கும் அடியில் கிராம்பு என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஆனால் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. அவர் ரொட்டியால் வழித்து இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார்.

“ஏதோ ஒன்னு கொறையுது.”

“சாக்லேட்டு,” என்றாள் அம்பாரோ. “கடைசில போடுறது. நம்ம வீட்டுலதான் நாலு மாசமா இல்லையே.”

“அப்ப?”

“நாளைக்கு வரும். நீங்க வாங்கி வச்சீங்கன்னா உள்ள போடுவேன். திருப்பி அனுப்பிட்டீங்கன்னா, இத இப்படியே தெருவுக்கு ஊத்திக் குடுப்பேன். ஏன் மோலே அரகொறையா இருக்குன்னு கேக்குறவங்களுக்கு நீங்க பதில் சொல்லிக்கங்க.” மூடியைப் போட்டு, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். முன்னால் தூது பேசும் பெரியவர் தோன் தாவ்ரினோ, கையில் பூவும் மெழுகுவத்தியும். பின்னால் கூடை கூடையாக மஞ்சள்கரு ரொட்டி, கால் கட்டிய இரண்டு வான்கோழிகள், புதுச் சிவப்பு மண் கிண்ணங்கள், கடைசியாகத் தலையில் சாக்லேட் தட்டோடு ஒதிலியா. நெரெய்தாவும் உலிசெஸும் தெருமுனையில் ஆட்டோவிலேயே இருந்தார்கள். மன்னிப்புக் கிடைத்தால்தான் வந்து முட்டி போடவேண்டும். அன்செல்மோ வெள்ளைச் சட்டை போட்டு, சாமிப்படங்கள் இருந்த மேசைக்கு முன்னால் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் ஆட்கள் முப்பது பேரும் இரு சுவர் ஓரமும் பெஞ்சுகளில்.

தோன் தாவ்ரினோ தொண்டையைச் செருமினார். “இந்த வீட்டுத் தகப்பனார் சமூகத்துக்கு...” என்று ஆரம்பித்தார். அந்தப் பேச்சு எப்படியும் அரைமணி ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒதிலியா தட்டை இறக்கி மேசையில் வைத்தாள், நிமிர்ந்தாள், சமூகத்தைப் பார்த்தாள்.

“மாஸ்டர்,” என்றாள், மெல்ல. மோட்டார் ஓடாத இடத்தில் அவள் குரல் சின்னதாக இருந்தது. “நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“தண்ணி காட்டினா குடிக்கிறனான்னு பாக்க வந்திருக்காங்க,” என்றார் அன்செல்மோ உதட்டை அசைக்காமல்.

அவள் முகத்தில் இரண்டு நாள் முந்தைய பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்து போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். “கழுத” என்கிற இடத்துக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கட்டிகளைச் சால்வையில் அள்ளிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள். தோன் தாவ்ரினோ இவர்கள் இருவரையும் பார்த்து, எந்த வாக்கியத்தில் விட்டோம் என்று தெரியாமல், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வந்த வீட்டுப் பெண்களே சாக்லேட்டைக் கொதிநீரில் கரைத்து நுரைக்க வேண்டும் என்பது வழக்கம். உள்ளே மண்கூஜாவில் மத்துக் கடையும் சத்தம் கேட்டது. யாருடைய கையோ அவசரப்பட்டது. தண்ணீர் சளசளத்ததே தவிர நுரை கட்டவில்லை. அன்செல்மோவுக்குத் தோன் தாவ்ரினோ சொல்வதைவிட அதுதான் காதில் விழுந்தது. கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே இரண்டு விரல் நுரை நிற்காவிட்டால் அதுவும் ஒரு அவமரியாதை. வாசல் பக்கம் அவர் தம்பி ஏற்கெனவே புருவத்தைத் தூக்கிவிட்டான். மத்து நின்றது. கொல்லைக் கதவு கீச்சிட்டது. நாலு மாசமாக எண்ணெய் போடாத கதவு அது. அம்பாரோ ஏதோ சொல்வதும், “ஷ்ஷ்” என்பதும் கேட்டன.

பிறகு மத்து மறுபடியும் சுழன்றது. மூன்று வேகம், ஒரு நிறுத்தம். மூன்று வேகம், ஒரு நிறுத்தம். இடதுகைக்காரியின் கடைசல்; நிறுத்தத்தில் மத்தை ஒரு தட்டுத் தட்டுவாள். பதினொரு வயதிலிருந்து இந்த வீட்டுச் சாக்லேட்டை அந்தக் கைதான் கடைந்தது. மன்னிப்புக்கு முன்னால் வாசல்படி ஏறக்கூடாது என்பது சரி. கொல்லைப்படியைப் பற்றி வழக்கத்தில் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று அன்செல்மோ யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. தோன் தாவ்ரினோவைக் கேட்கலாம், ஆனால் அவர் அப்போது ஆதாம் ஏவாளில் இருந்தார்.

கிண்ணங்கள் வந்தன. முப்பது கிண்ணத்திலும் நுரை ஒரு குன்று மாதிரி எழும்பி நின்றது. அவரவர் கையில் ஏந்திக்கொண்டு காத்திருந்தார்கள்; தகப்பன் குடிக்காமல் யாரும் வாய் வைக்க முடியாது. பட்டையும் வறுத்த பாதாமும் சேர்ந்த ஆவி முற்றம் முழுக்கப் பரவியது. அவர் தம்பி கிண்ணத்துக்கு மேலே மூக்கை வைத்துக் கண்ணை மூடியிருந்தான்; புருவம் இறங்கிவிட்டிருந்தது. அன்செல்மோவின் கிண்ணத்தைக் கடைசியாக ஒதிலியா கொண்டுவந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். அதன் நுரையில் மட்டும் ஒரு பட்டைத் துண்டு நிமிர்ந்து நின்றது.

“இதுல ஒரு கைப்பிடி சக்கர அதிகமாயிருக்காம்,” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். “பொண்ணு நக்கிப் பாத்துட்டுக் கண்டுபிடிச்சிடுச்சு. யாரு கைன்னும் கண்டுபிடிச்சிடுச்சு. நான் ஒன்னும் சொல்லல மாஸ்டர்.”

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே தட்டு. தட்டில் பிளந்த ரொட்டி. ரொட்டிக்குப் பக்கத்தில், மதியம் போடவேண்டிய வெள்ளை மாத்திரை ஒன்று.

தோன் தாவ்ரினோ பேச்சை முடித்துவிட்டார். எப்போது முடித்தார் என்று தெரியவில்லை. முப்பது கிண்ணங்களில் நுரை மெல்ல மெல்ல, சின்னச் சின்னக் குமிழாக உடைந்து, காதை வைத்தால் கேட்கிற சத்தத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் தொங்கிய துணிக்குக் கீழே மத்தின் நுனி மட்டும் தெரிந்தது; அதிலிருந்து ஒரு சொட்டு மண்தரையில் விழுந்தது, பிறகு இன்னொன்று. அதைப் பிடித்திருந்த மகளுக்குப் பின்னால் எங்கோ மோலே பானையின் மூடிமேல் கல் இன்னும் இருந்தது. அன்செல்மோ மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதை விழுங்கத் தண்ணீர் எங்கே என்று இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். கைக்கு எட்டிய தூரத்தில் ஈரமாக இருந்தது ஒரே ஒரு கிண்ணம்தான்.